நஜீமா அம்மாளைக் குளிப்பாட்டிய நாள்

தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டும் இந்த அவைக்குத் தலைமையேற்க மறுக்காமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெருமதிப்புக்குரிய ரெங்கராஜன் ஐயா அவர்களே! ஆற்றைக் கடந்து அரியமங்கலத்திலிருந்து வந்து என் அருகில் அமர்ந்திருக்கும் பள்ளிவாசல் இமாம், கண்ணியத்திற்குரிய கலீலுர் ரஹ்மான் ஹஜ்ரத் அவர்களே! அவருக்கு அடுத்த நாற்காலியில், மேடை என்றாலே கூச்சம் என்று சொல்லிச் சொல்லியே மேடையேறியிருக்கும் வஹீதா அம்மா அவர்களே! உத்திர வீதியிலிருந்தும் சித்திரை வீதியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! பாலக்கரையில் பஸ் பிடித்து, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! பணி முடிந்து சீருடையோடு வந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! என் மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கம், உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கல்வித் துறை நடத்தும் மக்கள் வகுப்பு இன்று ஸ்ரீரங்கத்தில் தொடங்குகிறது. இந்த மண்டபத்தைக் கேட்டுப் போனபோது, ஸ்ரீரங்கத்தில் எதற்கு இந்த வகுப்பு என்று சிலர் கேட்டார்கள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது நம் தலைவர் ஐயாதான் சொன்னார்: "பெருமாள் கோயில்லயே துலுக்க நாச்சியாருக்குத் தினம் ரொட்டி அமுது செய்யப் பண்ற ஊரும்மா இது. தாராளமா நடத்துங்கோ." கேட்டவர்களே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

என் பெயர் லூர்துராணி. பெயரைச் சொன்னால் கேட்பவர் முகம் மலரும். துறையைச் சொன்னால் அதே முகத்தில் ஒரு சந்தேகம் படரும். "அதெப்படிங்க, மாதா கோயில் பேரு, வேலை மட்டும் அங்கே?" என்பார்கள். என் தந்தை பெனடிக்ட் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். நான் அரபு எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில், "படிச்சு முடிச்சுட்டு நீ துபாய்க்குப் போறியா, இல்ல என்னைய அனுப்பப்போறியா?" என்று கேட்டார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

அன்பர்களே! அறிவு எதற்கு? பட்டத்துக்கா? பதவிக்கா? படித்ததைப் படித்தவர்களிடமே சொல்லி, படித்தவர்களிடமே பாராட்டு வாங்கிக்கொள்வதற்கா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகத்தின் நூலக மேசையில் அமர்ந்து அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளாத நாள் குறைவு. விடை புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு, அரியமங்கலத்தில் பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் ஒரு பொதுச் சொற்பொழிவு. இறந்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமைகளைப் பழைய இஸ்லாமியச் சட்ட நூல்கள் எப்படி எண்ணிப் பார்த்தன என்பது தலைப்பு. மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவது சமுதாயத்தின் மீது விழுந்த கடமை. ஆணை ஆண்கள் குளிப்பாட்ட வேண்டும். பெண்ணைப் பெண்கள் குளிப்பாட்ட வேண்டும். இது இங்கே அமர்ந்திருக்கும் முஸ்லிம் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சட்ட அறிஞர்கள் அதோடு நிற்கவில்லை. பயணத்தில் ஒரு முஸ்லிம் பெண் இறந்துபோகிறாள். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். முஸ்லிம் பெண் ஒருத்திகூட இல்லை. ஆனால் வேறு மதத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்ன செய்வது? ஹனஃபி சட்ட மரபின் அறிஞர்கள் எழுதினார்கள்: அந்தப் பெண்ணுக்குக் குளிப்பாட்டும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு விலகி நில்லுங்கள். அவள் குளிப்பாட்டட்டும்.

நான் இதைச் சொன்னதும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "மேடம், இதெல்லாம் ஒட்டகத்துல போன காலத்துக் கதை. இப்ப போன் பண்ணா பத்து பேரு வந்து நிப்பாங்க" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். சட்டம் எவ்வளவு தூரம் கற்பனை செய்து பார்த்திருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு என்று சொல்லி அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன். சிரிக்காதவர் முன்வரிசையில் இருந்த ஹஜ்ரத் மட்டும்தான். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து நேராகக் கேட்டார்: "நீங்க நம்பாத ஒண்ண எப்படிம்மா பாடமா நடத்துறீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். வரலாறு, மொழி, ஆய்வு நெறி என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் பதில் எனக்கே போதவில்லை.

இதோ, ஹஜ்ரத் தலையை ஆட்டுகிறார். அவருக்கும் போதவில்லை போலிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது அந்த மே மாதம். இரண்டாம் அலை. உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? அம்மா மண்டபம் சாலையில் ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லாத வேளை இல்லை. யாருக்கு இருமல் என்று கேட்கவே பயந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த நாட்கள் அவை. அப்படி ஒரு நாளில், இதே ஸ்ரீரங்கத்தில், ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நஜீமா அம்மாள் இறந்துபோனார்.

அவருக்குக் கொரோனா இல்லை. சிறுநீரகம் பழுதாகி நெடுநாளாகச் சிகிச்சையில் இருந்தவர். பரிசோதனை முடிவும் தொற்று இல்லை என்றே வந்திருந்தது. ஆனால் அந்த நாட்களில் பரிசோதனை முடிவை யார் நம்பினார்கள்? உடனிருந்தது ஒரே மகன் சிராஜ். இங்கே ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், மணமாகாதவர். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சொந்தபந்தமெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில். சிராஜ் ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஜமாஅத்தில் பெண்களைக் குளிப்பாட்டும் கமர் ஜஹான் அம்மா, அந்த அலையில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பியவர், தாமே ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருந்தார். மற்றப் பெண்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார்கள். முதியவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். சிலர் போனை எடுக்கவே இல்லை. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். அந்த நாட்களின் அச்சம் யாரைத்தான் விட்டுவைத்தது?

மருத்துவமனைக்காரர்கள் சிராஜிடம் சொல்லிவிட்டார்கள்: மாலைக்குள் எடுத்துச் செல்லாவிட்டால், உடலைப் பையில் வைத்து மூடி மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிடுவோம். பெற்ற தாய். தொற்று இல்லாத தாய். மகன் கையாலும் குளிப்பாட்ட முடியாது, மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை. பெண்கள் யாருமே இல்லையென்றால், மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவி அடக்கம் செய்வதற்கு வழி உண்டு. ஆனால் சிராஜுக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா சுத்தக்காரர், ஐந்து வேளையும் தண்ணீர் தொட்டவர், அவரைத் தண்ணீர் படாமல் அனுப்புவதா என்று ஹஜ்ரத்திடம் போனில் அழுதிருக்கிறார்.

ஹஜ்ரத் போலீஸ் அனுமதி வாங்கி, பள்ளிவாசல் வண்டியில் உடலைச் சுமக்கும் சந்தூக்கை ஏற்றிக்கொண்டு, உடலில் சுற்றும் கஃபன் துணியோடும் கற்பூரத்தோடும் பாலத்தைக் கடந்துவிட்டார். கடந்தவர் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது மேலூர் சாலையில் குடியிருந்தேன். எடுத்ததும் அவர் சொன்னது: "அன்னைக்கு ஒரு சட்டம் சொன்னீங்கள்ல, எல்லாரும் சிரிச்சாங்கள்ல. அந்த நாள் வந்துருச்சும்மா. நடந்து வர்ற தூரம்தான். வர்றீங்களா?"

வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. எனக்கும் அச்சம் இருந்தது. அதைவிட, இது என் இடமா என்ற கேள்வி இருந்தது. என் தாயையே நான் குளிப்பாட்டியதில்லை, வேறு பெண்கள் செய்தார்கள். நான் காகிதம் படித்தவள். பிறகு ஹஜ்ரத் சொன்னார், அங்கே லிசி என்று ஒரு நர்ஸ் இருக்கிறார், சொல்லித் தந்தால் செய்கிறேன் என்கிறார், தனியாகச் செய்யத்தான் தயங்குகிறார் என்று. நான் செருப்பை மாட்டினேன்.

மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் அறை. சிமென்ட் மேடை. ஆயா வீரம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார், எங்கிருந்தோ இலந்தை இலையும் பறித்துப் போட்டிருந்தார். ஹஜ்ரத் கேட்டாராம், இவர் தேடிக் கொண்டுவந்தாராம். வாசலில் ஹஜ்ரத்தின் போன் விடாமல் அடித்தது. ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர், கிறிஸ்தவப் பெண்கள் குளிப்பாட்டுவதா, நாளைக்கு ஊர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன்: "அவங்க பேரே லூர்து மாதா பேரு, நம்ம மர்யம் அம்மா பேருதான் பாய். நாளைக்கு ஊரு கேக்கும், நான் பதில் சொல்லிக்கிறேன். இப்ப கேக்குறது அந்த மகன்."

என்னிடம் திரும்பி, முறையை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரியும் ஹஜ்ரத், நான் படித்திருக்கிறேன் என்றேன். "தெரியும்னு எனக்கும் தெரியும்மா. ஆனா நான் சொல்லித் தரணும், நீங்க கேட்டுக்கணும். சட்டம் அப்படித்தான இருக்கு?" என்றார். பேராசிரியர் என்ற பெயரைப் பெற்ற பிறகு முதல் முறையாக, கைகட்டி, வாய்மூடி, முழுமையாகக் கேட்டேன்.

பிறகு அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே நானும் லிசியும் நஜீமா அம்மாளும். கதவுக்கு வெளியே முதுகைத் திருப்பி நின்றபடி, அவர் ஒவ்வொரு படியையும் குரல் கொடுத்துச் சொன்னார். துணியால் மூடியபடியே கழுவுங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுவது போல உளூச் செய்வியுங்கள், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நனைத்த பஞ்சால் துடையுங்கள். இடப்பக்கம் சாய்த்து வலப்பக்கத்தை முதலில் கழுவுங்கள். மெதுவாக, மெதுவாக, அவருக்கு வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அன்பானவர்களே! இத்தனையும் நான் அரபியில் படித்தவைதான். பாடம் நடத்தியவைதான். தேர்வில் கேள்வியாகக் கேட்டு மதிப்பெண் போட்டவைதான். ஆனால் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனித உடலின் கனம் என்னவென்று எந்த நூலின் பக்கம் எனக்குச் சொன்னது? சாய்க்கும்போது தலை தொங்கும், அதை ஒரு கை தாங்க வேண்டும் என்று எந்த அடிக்குறிப்பு சொன்னது? லிசி தாங்கினார். "மேடம், நீங்க தண்ணிய மட்டும் ஊத்துங்க, நான் புடிச்சுக்கிறேன்" என்றார்.

கடைசித் தண்ணீரில் கற்பூரம். துடைத்து முடித்ததும், சஜ்தாவில், தொழுகையில் பணியும்போது தரையில் படும் இடங்களில் கற்பூரம் பூசச் சொன்னார் ஹஜ்ரத். நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம். நூலில் அந்தச் சொற்றொடரை எத்தனை முறை மொழிபெயர்த்திருப்பேன்! முழங்காலில் கையை வைத்தேன். காய்த்துப் போயிருந்தது. இடது கணுக்காலில் கறுத்துத் தடித்த ஒரு தழும்பு, தொழுகையில் அமர்ந்து அமர்ந்து வந்தது. ஒரு பெண் தன் ஆயுள் முழுக்கத் தன் இறைவன் முன்னால் மடங்கியதன் அடையாளம் என் விரலுக்கடியில் இருந்தது. நான் நம்புகிறேனா, நம்பவில்லையா என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அவர் நம்பினார். அவர் நம்பியதை நான் பிசகில்லாமல் நிறைவேற்றித் தர வேண்டும். என் படிப்பு எனக்கு இட்ட வேலை அதுதான்.

ஆய்வாளர் வெளியே நிற்க வேண்டும், நம்பிக்கையாளர் உள்ளே இருப்பார், இதுதான் நான் கற்ற நெறி. அன்று நான் உள்ளே இருந்தேன், நம்பிக்கையாளர் கதவுக்கு வெளியே நின்றார். தம் சமுதாயத்துப் பெண் ஒருத்தியை, அவள் மானத்தை, அவள் கடைசிச் சுத்தத்தை, வேற்று மதத்துப் பெண்ணின் கையில் நம்பி ஒப்படைத்துவிட்டு விலகி நின்றார்! பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் எவரோ ஓர் அறிஞர் விளக்கடியில் உட்கார்ந்து, வராமலே போகக்கூடிய ஒரு நாளுக்காகச் சிந்தித்து எழுதி வைத்தார். அந்த அறிஞர் சிந்திக்காமல் விட்டிருந்தால்? அதை யாரும் படிக்காமல் விட்டிருந்தால்? படித்தவர் அதைப் பல்கலைக்கழகத்துச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால்? நஜீமா அம்மாள் பிளாஸ்டிக் பையில் போயிருப்பார்!

கஃபனிட்டுக் கதவைத் திறந்தோம். சிராஜ் வாசலில் நின்றார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி வெதுவெதுப்பா இருந்துச்சாங்க?" இருந்தது தம்பி என்றேன்.

இத்தோடு முடிந்ததா? முடியவில்லை. ஊர் கேட்டது. ஹஜ்ரத் சொன்னதைப் போலவே கேட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் உறவினர்கள் சிராஜிடம், உன் அம்மாவைக் குளிப்பாட்டியது செல்லாது, அவர் குளிக்காமலேயே போய்விட்டார் என்றார்கள். அந்த மகன் தூக்கத்தை இழந்தார். வேலைக்குப் போக முடியாமல் ஆனார். ஒரு நாள் என் துறைக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, "உண்மையச் சொல்லுங்க மேடம், எங்கம்மா சுத்தமா போனாங்களா இல்லையா?" என்றார். நான் நூலைத் திறந்து காட்டலாம். ஆனால் அவருக்கு மட்டும் காட்டி என்ன பயன்? சொன்னவர்கள் எல்லோரும் கேட்க வேண்டாமா?

ஹஜ்ரத்தும் நானும் அதே அரியமங்கலம் கூடத்தில் அமர்ந்தோம். எல்லோரையும் அழைத்தோம். நான் அரபி மூலத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். நான் சொன்னது சரியா என்று ஹஜ்ரத் ஒவ்வொரு வரிக்கும் உறுதி கூறினார். தீர்ப்புச் சொல்வது அவர் பணி, என் பணி அல்ல. "செல்லும். முழுசாச் செல்லும். சந்தேகமே வேணாம்" என்று அவர்தான் சொன்னார். சிராஜ் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நஜீமா அம்மாளின் தங்கை. செல்லாது என்று அதிகம் சொன்னவர் அவர்தான் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. "எங்கக்கா முடிய என்ன பண்ணீங்க?" என்றார்.

சீப்புப் போடவில்லை, விரலால் பிரித்தோம், இரண்டாகப் பகுத்து மார்பின் மேல் போட்டோம் என்றேன்.

அவர் சொன்னார்: "அன்னைக்கு எனக்குப் போன் வந்துச்சு. நான் எடுக்கல. பயமா இருந்துச்சு. அக்காவ யாரும் குளிப்பாட்டலன்னு நெனச்சாத்தான், நான் போகாதது என் ஒருத்தி குத்தமா இல்லாம இருந்துச்சு." பிறகு ஹஜ்ரத்தைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து, "எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றார்.

என் கைக்குத் தெரியாதே, சொல்லத்தானே தெரியும் என்றேன். கமர் ஜஹான் அம்மா பிழைத்து எழுந்திருந்தார். அவரிடம் கை இருந்தது. எங்களிடம் நூல் இருந்தது. அப்படித்தான் அன்பர்களே, இந்த மக்கள் வகுப்பு பிறந்தது. அதற்கு அரசாணை எதுவும் இல்லை. ஒரு தங்கையின் கேள்விதான் இருந்தது.

அந்தத் தங்கை யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இந்த மேடையில் கூச்சத்தோடு முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கும் வஹீதா அம்மாதான். இதையெல்லாம் சொல்லலாமா என்று நேற்றே அனுமதி கேட்டேன். "சொல்லுங்க, அதக் கேட்டு இன்னொருத்தி போன எடுத்தா நல்லதுதான" என்றார்.

ஆகவே சொல்லுகிறேன், அவையோரே! அறிவு அலமாரியில் இருப்பது அழகு அல்ல. அறிவு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அழைத்தவர் யார் என்று பார்க்காமல் எழுந்து நடக்க வேண்டும். செவிலியர்களே, உங்கள் கையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் பிறக்கிறார்கள், எல்லா மதத்துப் பெரியவர்களும் இறக்கிறார்கள். வாருங்கள், தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்துத் தாய்மார்களே, உங்கள் ஆசாரங்களை எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்களும் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்து வீட்டில் ஓர் உயிர் பிரிந்தால், எந்தப் பக்கம் தலை வைப்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் நாம் வாசலிலேயே நின்றுவிடக்கூடாது. அதற்காகத்தான் இந்த வகுப்பு!

நீண்ட நேரம் பேசிவிட்டேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. முதல் வகுப்பை நான் எடுக்கப்போவதில்லை. ஜமாஅத் அழைக்கும்போதெல்லாம் இப்போது முதல் ஆளாகப் புறப்படுகிற வஹீதா அம்மா எடுக்கப்போகிறார். நூலில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் நான் எழுந்து சொல்வேன். இல்லையென்றால் உங்களோடு கீழே அமர்ந்து கேட்பேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும், நின்றுகொண்டே கேட்ட பின்வரிசைத் தம்பிகளுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் எல்லோர் வீட்டிலும் அமைதி தங்கட்டும். வணக்கம்.

வஹீதா அம்மா, மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கிறேன். எழுந்து வாங்க.